வீடா, வார்டா, ஹோமா, டீமா? போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்த குடும்பங்களுக்கு

"அடுத்த தடவ கம்ப்ளெய்ண்ட் வந்தா எஃப்ஐஆர் தான் போடுவேன், அதுக்குள்ள எங்கயாவது கொண்டு போய் சேத்துருங்கம்மா"ன்னு எஸ்.ஐ சொல்லி அனுப்பிட்டாராம். திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா போன்ல அழுதுக்கிட்டே கேட்டாங்க, எங்க சேக்குறது, யாரு எடுத்துக்குவா, எவ்ளோ ஆகும்னு. மகனுக்கு வயசு 29. பக்கத்து வீட்டுக்காரர் பைக்க கல்லால அடிச்சு நொறுக்கிட்டான், ஏன்னா அந்த ஹாரன் சத்தத்துல தன்னப் பத்தி ஏதோ சொல்றாங்கன்னு அவனுக்கு அவ்ளோ நிச்சயமா தெரியுது.

நான் டாக்டரும் இல்ல வக்கீலும் இல்ல. என் தம்பிக்கு மனச்சிதைவு நோய், அதான் ஸ்கிசோஃப்ரினியா, வந்து பதினாலு வருஷம் ஆச்சு, ரெண்டு தடவ ஸ்டேஷன், ஒரு தடவ கோர்ட், மதுரை பெரியாஸ்பத்திரி வார்டு, நடுவுல ஒரு தனியார் ஹோம், எல்லாத்தையும் பாத்துட்டோம். இந்த மாதிரி கேள்வி என்கிட்ட வந்துக்கிட்டே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பாதி பாதியா சொல்றதுக்குப் பதிலா முழுசா ஒரே இடத்துல எழுதிடலாம்னு தான் இது.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். மனநோய் இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கறதில்ல, அடி வாங்குறது தான் அதிகம். நான் இங்க பேசுறது சிகிச்சை விட்டுப்போய், நோய் முத்தி, தெருவுல ஏதாவது ஆகி, போலீஸ் கைக்குப் போற நிலைமைல இருக்கிற கொஞ்ச பேரப் பத்தி மட்டும்.

## எத வெச்சு முடிவு பண்றது

எல்லாரும் முதல்ல கேக்குறது "நல்ல இடம் எது"ன்னு. நானும் அப்படித்தான் ஆறு வருஷம் அலைஞ்சேன். இப்ப நான் வேற மாதிரி கேக்குறேன்.

மாத்திரைய நிறுத்துனா எத்தன நாள்ல யாருக்குத் தெரியும்? இது தான் எல்லாத்துக்கும் மேல. எங்க வீட்ல ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசைல தான் நடந்துச்சு: மாத்திரை நின்னுச்சு, ரெண்டு வாரத்துல தூக்கம் போச்சு, அப்புறம் குளிக்கிறது நின்னுச்சு, அப்புறம் ராத்திரி நடக்க ஆரம்பிச்சான், அப்புறம் ஒருத்தர் மேல சந்தேகம் குத்திட்டு நின்னுச்சு, அதுக்கப்புறம் தான் தெருச் சண்டை. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஆறு ஏழு வாரம் இருக்கு. அந்த ஏழு வாரத்துல யாருமே கவனிக்காம விட்டா தான் ஏட்டு வந்து கவனிக்கிறாரு.

ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வருவா? பகல்ல எல்லாரும் இருப்பாங்க. ராத்திரிக்கு யாருன்னு கேளுங்க.

ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும் காட்ட பேப்பர் உருவாகுமா? தொடர்ச்சியா சிகிச்சை எடுக்கறதுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி சீட்டு இருக்கிறவனுக்கும் எதுவுமே இல்லாதவனுக்கும் ஸ்டேஷன்ல நடக்குறது வேற வேற.

கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? மாத்திரை ஃப்ரீயா கிடைச்சாலும் அம்மாவோட கூலி போகுது, தங்கச்சி கல்யாணம் தள்ளுது, வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்றாரு. இத யாரும் கணக்குல சேக்குறதில்ல.

அவன் என்ன சொல்றான்? கடைசியா எழுதிருக்கேன், ஆனா இத விட்டுட்டு எடுத்த எந்த முடிவும் எங்க வீட்ல மூணு மாசத்துக்கு மேல நிக்கல.

## 1. வீட்ல வெச்சு, ஜிஹெச் ஓபில பாக்குறது

நிறைய பேருக்கு இது இருக்கறதே தெரியாது. தேசிய மனநலத் திட்டம் 1982லயே வந்தது, மாவட்ட மனநலத் திட்டம் 1996ல ஆரம்பிச்சது, இப்ப தமிழ்நாட்டுல எல்லா மாவட்டத்துலயும் இருக்கு. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கும், அது போக தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர் குறிப்பிட்ட நாள்ல வருவாரு, உங்க ஊருக்கு எந்தக் கிழமைன்னு ஓபி சீட்டு குடுக்குற இடத்துல கேட்டா சொல்லுவாங்க. மாத்திரை ஃப்ரீ. ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் எல்லாம் அங்கேயே தராங்க, ரெண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு தடவ போடுற டிப்போ ஊசியும் உண்டு.

அந்த ஊசியப் பத்தி கொஞ்சம் சொல்லணும். தம்பி தினமும் என் முன்னாடி தான் மாத்திரை போடுவான், தண்ணி குடிப்பான், வாயத் திறந்து காட்டுவான். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஜன்னல் கம்பி வலையைக் கழட்டினா பாத்ரூம் ஜன்னலுக்குப் பின்னாடி 41 மாத்திரை, சிலது கரைஞ்சு சொவத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. எனக்குக் கோவம் வரல, பயம் தான் வந்துச்சு, ஏன்னா அதுக்கு முந்தின மாசம் தான் டீக்கடைல பிரச்சினை ஆகியிருந்துச்சு. அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட பேசி ஊசிக்கு மாறினோம். தினம் தினம் "போட்டியா போட்டியா"ன்னு கேக்குறது நின்னதே அவனுக்குப் பெரிய நிம்மதி, எனக்கும் தான். எல்லாருக்கும் ஊசி ஒத்துக்கும்னு சொல்லல, கை நடுக்கம், விறைப்பு வரலாம், அதுக்கு வேற மாத்திரை சேத்துத் தருவாங்க. ஆனா மாத்திரைய ஒளிக்கிற ஆளு வீட்ல இருந்தா இதப் பத்தி டாக்டர்கிட்ட அவசியம் கேளுங்க. ஊசிக்கு வரலைன்னா அன்னைக்கே தெரிஞ்சிடும், அது தான் இதுல பெரிய விஷயம்.

குறை என்னன்னா, ஓபி உங்கள தேடி வராது. நீங்க போனா பாப்பாங்க, போகலைன்னா பெரும்பாலும் யாரும் போன் பண்ணிக் கேக்க மாட்டாங்க, கூட்டம் அவ்ளோ, ஆள் அவ்ளோ கம்மி. நமக்குத் தேவையான மருந்து சில மாசம் ஸ்டாக் இருக்காது, வெளிய வாங்கணும். ஆளக் கூட்டிட்டுப் போறதே ஒரு நாள் வேலை, பஸ்ல பாதி வழில இறங்கிடுவான், ஆட்டோ தான் பிடிக்கணும், அம்மாவுக்கு அன்னைக்குக் கூலி கட்.

எப்போ இது சரி? ஆள் ஓரளவுக்கு சொன்னாக் கேக்குற நிலைமைல இருக்கணும், வீட்ல குறைஞ்சது ரெண்டு பேரு இருக்கணும். ஒருத்தரே எல்லாத்தையும் சுமந்தா அவங்களும் படுத்துருவாங்க, நான் எங்க அம்மாவ வெச்சே சொல்றேன்.

## 2. ஆஸ்பத்திரி வார்டுல சேக்குறது

கீழ்ப்பாக்கம்னா இன்னமும் ஊர்ல கிண்டலாத்தான் சொல்றாங்க, கேக்கவே கஷ்டமா இருக்கும். 1794லேர்ந்து இருக்கிற இடம், 1800 படுக்கை. ஆனா இப்ப கீழ்ப்பாக்கம் மட்டும் தான்னு இல்ல, அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல மனநல வார்டு இருக்கு, மதுரைக்காரங்க பெரியாஸ்பத்திரிக்கே போகலாம்.

ஆள் தூங்கி ஏழு எட்டு நாள் ஆச்சு, சாப்பிட மாட்டேங்குறான், கைல கத்திய எடுத்துட்டான், தன்னையே ஏதாவது பண்ணிக்குவான்னு பயமா இருக்குன்னா யோசிக்காதீங்க, வார்டு தான். அவனே சம்மதிச்சா நேரா அட்மிட் பண்ணலாம். சம்மதிக்கலைன்னா 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல பிரிவு 89ன்னு ஒண்ணு இருக்கு. அவனோட நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்துல அவன் சார்பா நிக்கிற ஆள், விண்ணப்பம் குடுக்கணும், ரெண்டு பேர் தனித்தனியா பாத்து எழுதணும், அதுல ஒருத்தர் மனநல மருத்துவரா இருக்கணும், அப்போ 30 நாள் வரைக்கும் வெச்சு சிகிச்சை குடுக்கலாம். இந்த மாதிரி அட்மிஷன் சரியான்னு பாக்குற மனநல சீராய்வு மன்றத்துக்கும் ஆஸ்பத்திரி தெரியப்படுத்தணும். குடும்பம் கையெழுத்து போட்டா வருஷக்கணக்குல உள்ள வெச்சிடலாம்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அந்தக் காலம் முடிஞ்சு போச்சு. குடும்பம் ஏத்துக்கல, வீடு இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக யாரையும் ஆஸ்பத்திரில வெச்சிருக்கக் கூடாதுன்னு அதே சட்டத்துல பிரிவு 19 சொல்லுது.

செலவு? அரசு வார்டுல சிகிச்சைக்குக் காசு இல்ல, ஆனா கூட ஒருத்தர் இருக்கணும்னு பல இடத்துல கேப்பாங்க. வேலூர் சிஎம்சியோட பாகாயம் மனநல மையத்துல 1950கள்லேர்ந்தே சொந்தக்காரர் ஒருத்தர் கூடவே தங்கித்தான் ஆகணும். அத முதல்ல கேட்டப்போ என்னடா இது கொடுமைன்னு நினைச்சேன், ஆனா அப்படித் தங்குன குடும்பங்கதான் டிஸ்சார்ஜுக்கு அப்புறம் நல்லாப் பாத்துக்குறாங்க, ஏன்னா நோயப் பத்தி அங்கேயே கத்துக்குறாங்க. பதினஞ்சு இருபது நாள் லீவ் எடுக்க முடியாதவங்களுக்கு அது முடியாது, அதுவும் உண்மை.

வார்டுல எனக்குப் பயமே டிஸ்சார்ஜ் அன்னைக்கு தான். உள்ள இருக்கும்போது நர்ஸ் மாத்திரை குடுக்குறாங்க, சாப்பிடறான், தூங்குறான், முகம் தெளியுது. வீட்டுக்கு வந்த அன்னைக்குலேர்ந்து யாரும் இல்ல. எங்க தம்பியோட ரெண்டாவது ஸ்டேஷன் சமாச்சாரம் டிஸ்சார்ஜ் ஆகி அஞ்சாவது வாரத்துல நடந்தது. அதனால டிஸ்சார்ஜ் சம்மரி கைல வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: அடுத்த ஓபி எந்த தேதி, எங்க ஊருக்குப் பக்கத்துல எந்த ஜிஹெச்ல ஊசி போடலாம், அவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதித் தருவீங்களா. இந்த லெட்டர் இல்லாம நான் இப்ப யாரையும் கூட்டிட்டு வர விடறதில்ல.

## 3. தனியார் ஹோம்

இதப் பத்தி எழுதும்போது எனக்குக் கை வர மாட்டேங்குது, ஆனா எழுதணும்.

அப்பா தவறின வருஷம் அம்மாவுக்கும் முடியல, நானும் பிரசவத்துக்கு இருந்தேன், தம்பிய ஒரு ஹோம்ல விட்டோம். மாசம் பதினஞ்சாயிரம், முன்பணம் தனி. போன்ல கேட்டா "நல்லா இருக்கான், இப்ப தூங்குறான்"னுவாங்க, எப்ப கேட்டாலும் தூங்குறான். மூணு மாசம் வரைக்கும் பாக்க வரக் கூடாது, வந்தா மனசு மாறிடும்னு சொன்னாங்க, நாங்களும் நம்பிட்டோம். அஞ்சாவது மாசம் கைக்குழந்தையோட நான் சொல்லாமப் போனேன். தம்பி வெளிய வந்தான், முழுக்கை சட்டை, சித்திரை மாச வெயில்ல. மணிக்கட்டுப் பட்டனைக் கழட்டினேன், ரெண்டு கைலயும் வளையல் மாதிரி கருத்த தழும்பு. அவன் ஒண்ணும் சொல்லல, "அக்கா, வீட்ல இட்லியா தோசையா"ன்னு மட்டும் கேட்டான். அன்னைக்கே கூட்டிட்டு வந்துட்டோம்.

ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடிய மறந்துட்டோமாங்க நாம. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலைல மனநோயாளிங்கள வெச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. அதுக்கப்புறம் தான் நாடே திரும்பிப் பாத்துச்சு. இப்ப இருக்கிற சட்டத்துல எந்த வடிவத்துலயும் சங்கிலி போடறது தடை, மனநல நிலையம் நடத்தணும்னா மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியே ஆகணும்.

அதனால ஹோம் பாக்கப் போறவங்க முதல்ல பதிவுச் சான்றிதழைக் கேளுங்க, நம்பர குறிச்சுக்கோங்க. மனநல டாக்டர் வாரத்துல எந்த நாள் வராரு, அவர் பேர் என்னன்னு கேளுங்க. சொல்லாம எந்த நேரமும் வந்து பாக்கலாமான்னு கேளுங்க, முடியாதுன்னா திரும்பி வந்துடுங்க, அதுக்கு மேல விசாரிக்க ஒண்ணும் இல்ல. மருந்து பேரும் அளவும் எழுதின சீட்டு மாசா மாசம் வேணும்னு சொல்லுங்க, ஏன்னா அங்கேர்ந்து வரும்போது என்ன மருந்து ஓடுச்சுன்னே தெரியாம வர குடும்பங்க நிறைய, ஜிஹெச் டாக்டர் திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

நல்ல ஹோம் இருக்கா? இருக்கு, நான் ரெண்டு மூணு பாத்திருக்கேன், தோட்டம், சமையல், சின்ன வேலைன்னு ஆளுங்க மனுஷங்களா நடமாடுறாங்க. பெத்தவங்க ரெண்டு பேரும் இல்ல, அல்லது எழுபது தாண்டிட்டாங்க, கூடப் பொறந்தவங்க வெளிநாட்டுல, அப்படிப்பட்ட வீட்டுக்கு இது தான் வழியா இருக்கும். இல்ல வீட்ல இருக்கிறவங்களுக்கு ஆபரேஷன், ரெண்டு மாசத்துக்கு மட்டும்னா அதுக்கும் சரி. ஆனா போலீஸ் பயத்துல அவசரத்துல ராத்திரியோட ராத்திரியா கொண்டு போய் விடறதுக்கு ஹோம் சரியான இடமே இல்ல. இன்னொண்ணு, அங்க காசு நிக்கிற மாசம் ஆளும் திரும்பி வந்துடுவான், வீடு அதுக்குத் தயாரா இருக்காது.

## 4. வீட்டுக்கே வர டீம்

இது தான் எனக்கு வேணும்னு இருக்கிறது, ஆனா எல்லா ஊர்லயும் கிடைக்கறது இல்ல.

1970கள்ல அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம் மேடிசன்ல ஒரு அரசாங்க மனநல ஆஸ்பத்திரி ஆளுங்க ஒண்ணு கவனிச்சாங்க. வார்டுல நல்லா ஆகிப் போறவங்க சில மாசத்துல அதே வாசல்ல திரும்பி நிக்கறாங்க. அப்போ வார்டு ஊழியர்களையே வெளிய அனுப்பி, நோயாளி வீட்டுக்கே போய், மாத்திரை, சமையல், பஸ் ஏறுறது, வேலை தேடறது எல்லாத்தையும் அங்கேயே பாத்துக்கிட்டாங்க. ஒரு ஊழியருக்கு சுமார் பத்து பேர் தான், எந்த நேரமும் கூப்பிடலாம். பின்னாடி ஜெயிலுக்குப் போய்ப் போய் வரவங்களுக்குன்னே அந்த டீம்ல கோர்ட் ஆளுங்க, ஜெயிலுக்கு வெளிய வெச்சுக் கண்காணிக்கிற புரொபேஷன் ஆளுங்களையும் சேத்து நடத்தினாங்க. போலீஸ் பக்கத்துல, அமெரிக்காவுலயே மெம்ஃபிஸ் ஊர்ல 1988லேர்ந்து போலீஸ்காரங்களுக்கு 40 மணி நேரம் இதுக்குன்னே பயிற்சி குடுத்து, இந்த மாதிரி கால் வந்தா அவங்க தான் போவாங்கன்னு வெச்சாங்க.

நம்ம பக்கம் அந்த அளவுக்கு இல்ல, ஆனா ஒண்ணுமே இல்லைன்னு சொல்லக் கூடாது. சென்னைல ஸ்கார்ஃப்னு மனச்சிதைவு நோய்க்கான தொண்டு நிறுவனம், 1984ல டாக்டர் சாரதா மேனன் ஆரம்பிச்சது, புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு பஸ்லயே டெலி சைக்யாட்ரி, அதாவது வீடியோல மனநல டாக்டர் பாக்குறது, கொண்டு போனாங்க. 1993ல ஆரம்பிச்ச பேன்யன்ங்கிற மனநலத் தொண்டு நிறுவனம், 2015லேர்ந்து "ஹோம் அகெய்ன்"னு சாதாரணத் தெருவுல சாதாரண வாடகை வீட்ல நாலஞ்சு பேரா தங்க வெச்சு, கூட உதவிக்கு ஆள் போட்டு நடத்துறாங்க, அது முக்கியமா வருஷக்கணக்குல ஆஸ்பத்திரில கிடந்தவங்களுக்காக. மதுரைல எம்.எஸ். செல்லமுத்து டிரஸ்ட்னு மனநலத்துக்கான அமைப்பு 1992லேர்ந்து இருக்கு. 2014ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல வந்த ஒரு ஆய்வுல மனச்சிதைவு நோய் உள்ளவங்க 282 பேர், காஞ்சிபுரம் பக்கம், கோவா, மகாராஷ்டிராவுல சதாரான்னு மூணு இடம். ஊர்லேர்ந்தே ஆளுங்களுக்குப் பயிற்சி குடுத்து வீட்டுக்கு அனுப்பினாங்க, ஆஸ்பத்திரில மட்டும் பாத்தவங்கள விட வீட்டுக்கும் ஆள் வந்தவங்களுக்கு நோயும் முடக்கமும் கூடுதலா குறைஞ்சுது. பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது, ஆனா வந்தது டாக்டர் இல்ல, ஊர் ஆளு தான்ங்கறத யோசிச்சுப் பாருங்க.

உங்க ஊர்ல அப்படி டீமே இல்லைன்னா என்ன பண்றது. நாங்க ஒண்ணு கட்டினோம், அப்படி ஒரு பேரெல்லாம் வெக்காமலே. டீக்கடை சம்பவம்னு சொன்னேன்ல, தம்பி அங்க பன்னு, பிஸ்கட் இருக்கிற கண்ணாடி பாட்டில் அத்தனையும் தள்ளி உடைச்சிட்டான், கடைக்காரரு செல்போன்ல தன்னப் பத்தி யாருக்கோ தகவல் சொல்றாருன்னு நினைச்சு. நான் மறுநாள் 3,400 ரூபா கொண்டு போய்க் குடுத்தேன், கூடவே ஆஸ்பத்திரி நோட்ட விரிச்சு இது என்ன நோய், எப்படி ஆரம்பிக்கும், எப்போ பயப்பட வேண்டாம்னு ஒரு மணி நேரம் உக்காந்து சொன்னேன். அண்ணாச்சி பாட்டில் காச மட்டும் எடுத்துக்கிட்டு பன்னுக் காச திருப்பிக் குடுத்தாரு. இப்ப அவர் தான் முதல் ஆளா போன் பண்றாரு, "தங்கச்சி, தம்பி நாலு நாளா டீக்கு வரல, நேத்து வந்தப்போ செல்லு எடுத்தவொடனே எந்திரிச்சுப் போயிட்டாப்ல"ன்னு. அது ரெண்டாவது வாரத்துலயே எனக்குக் கிடைக்கிற தகவல். அவரு, மேலத் தெரு ஆட்டோ அண்ணன், ஊசி போடற சிஸ்டர், கிராம நர்ஸ், நான், இது தான் எங்க டீம்.

இதோட மறைஞ்ச செலவு வெக்கம். நாலு பேர்கிட்ட நோய் பேரைச் சொல்லணும், அப்புறம் அது ஊர் முழுக்கத் தெரியும், வீட்ல கல்யாணத்துக்கு ஆள் இருந்தா யோசிப்பாங்க. தம்பியோட சம்மதம் இல்லாம நான் யார்கிட்டயும் சொல்லல, யார் யார்கிட்ட சொல்லலாம்னு அவனே தான் சொன்னான், ரெண்டு பேர வேணாம்னுட்டான், விட்டுட்டேன்.

## ஒரே பார்வைல

| | ஓபி, வீடு | வார்டு | தனியார் ஹோம் | டீம் |
|---|---|---|---|---|
| மாத்திரை விட்டா யாருக்குத் தெரியும் | வீட்டாளுக்கு மட்டும், ஊசின்னா சிஸ்டருக்கும் | உள்ள இருக்கும் வரை நர்ஸுக்கு, அப்புறம் யாருக்கும் இல்ல | ஹோம் ஆளுக்கு, நமக்குத் தெரியாது | ஒண்ணு ரெண்டு வாரத்துல நாலு பேருக்கு |
| ராத்திரி நெருக்கடி | நீங்களே தான் | இருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்ல | இடத்தப் பொறுத்து | போன் பண்ண ஆள் உண்டு |
| ஸ்டேஷனுக்குக் காட்ட பேப்பர் | நோட்டு, நல்ல வலு | டிஸ்சார்ஜ் சம்மரி, ரொம்ப வலு | பெரும்பாலும் இல்ல | ஓபி நோட்டோட சேர்ந்தா வலு |
| தெரியாத செலவு | கூலி, அம்மாவோட உடம்பு | கூட இருக்க ஆள், லீவு | மாசப் பணம், திரும்பி வரும்போது எல்லாம் புதுசா | வெக்கம், நேரம் |
| எப்போ சரி | சொன்னா கேக்குற நிலைமை | உயிர் ஆபத்து, தூக்கமே இல்ல | பாக்க ஆளே இல்லாத வீடு | திரும்பத் திரும்ப ஸ்டேஷன் போறவங்க |

## "கேஸ் போட்டு உள்ள வெக்கட்டும், கொஞ்ச நாள் நிம்மதி"

இத நிறைய பேர் மெதுவா, குனிஞ்சுக்கிட்டு சொல்லுவாங்க. அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், ராத்திரியெல்லாம் கதவுக்குக் குறுக்க பாய் போட்டுப் படுத்தவங்களுக்குத் தான் அந்தக் களைப்பு தெரியும். ஆனா ஒரு தடவ உள்ள போனா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க. அசாம்ல மச்சங் லாலுங்னு ஒருத்தர், 1951ல கைது பண்ணினாங்க, மனநோய்னு தேஜ்பூர் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. குணமாயிட்டாருன்னு 1967ல ஆஸ்பத்திரி எழுதிக் குடுத்தும் விசாரணையே இல்லாம திரும்ப ஜெயில்ல வெச்சாங்க, 2005ல தான் வெளிய வந்தாரு, 54 வருஷம். ஒரு ரூபா சொந்த ஜாமீன்ல விட்டாங்க. இன்னைக்கு அவ்ளோ மோசம் நடக்காதுன்னு வெச்சுக்கிட்டாலும், விசாரணைக்கு நிக்கற தெளிவு இல்லைன்னா வழக்கு தள்ளித் தள்ளிப் போகும், ஆள் உள்ளயே இருப்பான், அது தான் நடக்கும்.

எல்லாம் முடிவாகுறது முதல் ராத்திரி ஸ்டேஷன்ல தான். மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 100 என்ன சொல்லுதுன்னா, மனநோயால தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்தா இருக்கிறவங்க, தெருவுல திரியறவங்க, இவங்கள போலீஸ் பாதுகாப்புல எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போகணும், லாக்கப்லயோ ஜெயில்லயோ வெக்கவே கூடாது. அதே ஆள அடிதடி கேஸ்னு எஃப்ஐஆர் போட்டா வேற பாதை. எங்க முதல் தடவைல தம்பிய ராத்திரி பூரா பெஞ்சுல உக்கார வெச்சிருந்தாங்க, நான் வெறும் கையோட போய் அழுதேன், ஒண்ணும் நடக்கல. ரெண்டாவது தடவ மஞ்சப்பைல ஓபி நோட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் லெட்டர், ஊசி போட்ட தேதி எல்லாம் இருந்துச்சு. ஸ்டேஷன் ரைட்டர் ஒவ்வொரு பக்கமா எச்சில் தொட்டுப் புரட்டினாரு, "ஜிஹெச் சீலு தானே"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு, அப்புறம் எழுந்து போய் எஸ்.ஐ கிட்ட காட்டினாரு. அன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்கு தம்பிய ஜீப்ல ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்து விட்டாங்க.

அப்போவும் முதல் தடவை போட்ட கேஸ் போகல, கோர்ட்டுக்குப் போச்சு. சர்டிபிகேட் இருந்தா கேஸ் நிக்காதுன்னு பலரும் நினைக்கிறாங்க, அது தப்பு. இப்ப இருக்கிற குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 22, பழைய ஐபிசி 84, செஞ்ச அந்த நேரத்துல என்ன பண்றோம்னே தெரியாத நிலைமைன்னு நம்ம பக்கம் தான் நிரூபிக்கணும், அது விசாரணை முடியும்போது தான் வரும். அதுக்கு முன்னாடி கை குடுக்குறது, கேஸ் எப்படி நடக்கணும்னு சொல்ற நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 369. விசாரணைக்கு நிக்கற தெளிவு இல்லைன்னு கோர்ட் பாத்து, வார்டுல வெச்சே பாக்கணும்னு இல்லாத நிலைமைன்னா, சொந்தக்காரரோ நண்பரோ "நான் இவர ஒழுங்கா ஓபிக்குக் கூட்டிட்டுப் போறேன், யாருக்கும் தீங்கு வராமப் பாத்துக்குறேன்"னு உறுதி குடுத்தா, ஜாமீன்ல விட முடியாத குற்றமா இருந்தாலும் கோர்ட் ஜாமீன்ல விட வழி இருக்கு. சட்டமே ஜெயிலுக்குப் பதிலா ஓபிய வெக்குது பாத்தீங்களா. ஆனா தொடர்ந்து ஓபி போனதுக்கு ஆதாரமே இல்லைன்னா அந்த உறுதிய நீதிபதி எத வெச்சு நம்புவாரு. வக்கீலுக்குக் காசு இல்லைன்னா இலவச சட்ட உதவி மனநோய் உள்ளவங்களுக்கு உரிமையாவே இருக்கு, 15100க்கு அடிச்சுக் கேளுங்க. ராத்திரி என்ன பண்றதுன்னு தெரியலைன்னா அரசாங்க மனநல உதவி லைன் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க. தற்கொலைக்கு முயற்சி பண்ணினதுக்காக கேஸ் போட்டு மிரட்டினா, மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 115னு சொல்லுங்க, கடும் மன அழுத்தத்துல தான் பண்ணிருக்காங்கன்னு சட்டமே எடுத்துக்குது, தண்டிக்கக் கூடாது.

## அந்தம்மாவுக்கு நான் சொன்னது

மகன் பத்து நாளாத் தூங்கல, சாப்பிடல, ஆனா கைல ஆயுதம் எதுவும் இல்ல, அம்மா சொன்னா ஓரளவுக்கு உக்காருறான். அதனால ஹோம் வேணாம்னு சொன்னேன், முதல்ல ரெண்டு மூணு வாரம் வார்டு, அவனே சம்மதிச்சா ரொம்ப நல்லது, டிஸ்சார்ஜ் ஆகும்போது லெட்டர் வாங்கிட்டு தாலுகா ஆஸ்பத்திரில ஊசி, பைக் ஓனருக்கு நஷ்டத்தக் குடுத்து நோயச் சொல்றது, நோட்டோட ஜெராக்ஸ் ஒண்ண எஸ்.ஐ கிட்ட முன்கூட்டியே குடுத்து வெக்கிறது. செலவு எவ்ளோ ஆகும்னு திரும்பக் கேட்டாங்க, பைக்குக்குத் தான் பெருசா ஆகும்னேன்.

நேத்து போன் வந்துச்சு. பதினெட்டு நாள் வார்டு முடிஞ்சு வந்துட்டானாம், முதல் ஊசி அடுத்த செவ்வாக்கிழமை. அவன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கான்: ஊசி போடும்போது அம்மா ரூமுக்குள்ள வரக் கூடாது, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கணும். "நான் என்னங்க சொல்லட்டும்"னு கேட்டாங்க. பெஞ்சுல உக்காருங்கம்மான்னேன்.